நல்ல காற்று: உபயம்

தலைமை நாற்காலியை நிறைத்திருக்கும் ஊர்ப் பெரியவர் சேவுகன் செட்டியார் அவர்களே! அப்பச்சிமார்களே, ஆச்சிமார்களே! புதுவயல் ஆலையில் நெல் அவித்துவிட்டு நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கடைசி டவுன் பஸ் போனாலும் போகட்டும் என்று கோட்டையூரிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே! என் வலப்பக்கம் வீற்றிருக்கும் மாநில அரசின் மாண்புமிகு அதிகாரி அவர்களே! இடப்பக்கம் வீற்றிருக்கும் மத்திய அரசின் மாண்புமிகு அதிகாரி அவர்களே! இருவருக்கும் ஒரே உயரத்தில் நாற்காலி போட்டிருக்கிறோம். ஒரே கனத்தில் மாலை கட்டியிருக்கிறோம். எங்களால் அரசியல் சட்டத்துக்கு ஒரு சிக்கல் வந்துவிடக் கூடாது.

அன்பர்களே, ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். என்ன தெரிகிறது? வானம்! அனல் மின்நிலையம் நம் ஊர் எல்லைக்கு வந்த நாள் முதல் நாம் இழந்திருந்த வானம்!

எப்படி இருந்தோம் நாம்? வற்றல் காயப்போட்டோம், சாம்பலைச் சேர்த்து வறுத்தோம். மாப்பிள்ளை வெள்ளை வேட்டியோடு பந்தலுக்குள் வந்தார். சாம்பல் வேட்டியோடு தாலி கட்டினார். அதையெல்லாம் பொறுத்தோம். செபஸ்தியம்மாள் டீச்சருக்கு மூச்சு முட்டியபோதுதான் பொறுக்க முடியவில்லை.

இந்த ஊரில் பாதிப் பேருக்கு அகரம் சொல்லிக் கொடுத்தவர், அரைப்பக்கம் வாசிப்பதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊரைவிட்டுப் போனால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர். டீச்சர் என்ன சொன்னார்?

“நான் எதுக்கு டாக்டர் போகணும்? எனக்கு அப்புறம் வந்தது புகைதான. அதைப் போகச் சொல்லுங்க.”

போகச் சொன்னோம். யாரிடம் சொல்வது? அங்கேதான் பாரதத்தின் கூட்டாட்சித் தத்துவத்தைக் கற்றுக்கொண்டோம்.

மாநில அலுவலகத்துக்குப் போனோம். நிலக்கரி ரயிலில் வருகிறது, ரயில் மத்திய அரசுடையது, ஆகவே டெல்லிக்கு எழுதுங்கள் என்றார்கள். டெல்லிக்கு எழுதினோம். மின்சாரம் மாநிலக் கம்பியில் போகிறது, ஆகவே சென்னைக்கு எழுதுங்கள் என்றார்கள். தண்ணீருக்கு எழுபத்து நாலிலேயே சட்டம் வந்துவிட்டது, காற்றுக்கு இன்னும் வரவில்லை, ஆதலால் சற்றுப் பொறுத்து மூச்சு விடவும் என்ற பொருளில் ஒரு பதிலும் வந்தது. உள்ளே போகிற கரிக்கு ஓர் அரசு! வெளியே வருகிற கரண்டுக்கு ஓர் அரசு! புகைபோக்கிக்கு மேலே வருகிற புகைக்கு? அது அனாதை, அன்பர்களே! அந்த அனாதையை வளர்த்த பாவம் நம் நெஞ்சுக்கூட்டைச் சேர்ந்தது.

பின்வரிசையில் ஒருவர் இருமுகிறார். பழைய இருமலாக இருக்கும். இன்றைய காற்றின் மேல் பழி போடாதீர்கள்.

மனுவும் மனுவுக்கு மறுமனுவுமாகக் களைத்துப் போய் டீச்சர் வீட்டில் கூடினோம். கட்டிலில் சாய்ந்தபடி அவர் கேட்டார்.

“நம்ம ஊர்ல ஒருத்தர் கோயிலுக்கு ஃபேன் குடுத்தா என்ன செய்வீக?”

“றெக்கையில உபயம்னு பேரு எழுதுவோம் டீச்சர்.”

“அப்ப மனு எழுதுறதை விடுங்க. கல்லு வெட்டுங்க.”

வெட்டினோம்! சிற்பி ஆசைத்தம்பி ஆளுயரக் கல்லில் அழகாக வெட்டினார்: ‘இவ்வூருக்கு நல்ல காற்று. உபயம்:’ அதன்பின் ஒரு முழம் வெற்றிடம். கல்லைப் புகைப்படம் எடுத்து இரண்டு அரசுக்கும் அனுப்பினோம். புகையை நிறுத்தும் அரசின் பெயர் அவ்விடத்தில் பொறிக்கப்படும், பொதுக்கூட்டத்தில் திறக்கப்படும் என்று பணிவோடு தெரிவித்தோம்.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்வேன்! புகைக்குப் பெற்றோர் இல்லை; புகழுக்கு இரண்டு பெற்றோர்! சென்னையிலிருந்து ஜீப் வந்தது. டெல்லியிலிருந்து தந்தி வந்தது. எங்கள் எல்லை என்றது அது. எங்கள் அதிகாரம் என்றது இது. மாநிலம் உத்தரவு போட்டது. மத்திய அரசு சாம்பல் பிடிக்கும் கருவியை அனுப்பியது. எந்த உத்தரவும் கிடையாது என்று நேற்றுவரை சிரித்துக்கொண்டிருந்த மின்நிலைய நிர்வாகம், இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே கருவியைப் பூட்டியது. புகை நின்றது! வானம் வந்தது! அதோ, முன்வரிசையில், கைத்தாங்கல் இல்லாமல் நடந்து வந்து, செபஸ்தியம்மாள் டீச்சர் அமர்ந்திருக்கிறார்!

கைதட்டுங்கள். அவருக்கு இன்னும் பலமாகத் தட்டலாம்.

சரி, கல்லில் யார் பெயர்? அதற்காகத்தான் இரு அதிகாரிகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சேவுகன் செட்டியார் அவர்களே, துணியை விலக்குங்கள்.

பார்த்தீர்களா? வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கிறது. அதிகாரிகள் மன்னிக்க வேண்டும். பிழை சிற்பியுடையது அல்ல. எந்தப் பெயரை வெட்டுவது என்று நேற்று அவர் டீச்சரிடம் கேட்கப் போனார். டீச்சர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

“ஒண்ணும் வெட்டாத தம்பி. பேரு போட்டாச்சுன்னா ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருவாக. போடாம வச்சா, புகை நின்னுருக்கான்னு மாறி மாறி வந்து பாப்பாக.”

வெற்றி யாருக்கு? மாநிலத்துக்கா? மத்திய அரசுக்கா? மூச்சுக்கு, அன்பர்களே! அந்த மூச்சுக்குக் காவலாக இந்தக் கல் இங்கே நிற்கும். இரண்டு அரசுகளும் இதைச் சுற்றி வரும்!

வந்தவர்களுக்கும் பொறுத்தவர்களுக்கும் நன்றி. நல்ல காற்றில் நிறையவே நான் செலவழித்துவிட்டேன். மிச்சத்தை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!