அமராவதியின் நீல அட்டை

இல்ல கிராணியாரே, நான் பாக்கல. ஆபீஸ் கணக்க விட்டுட்டு, லயத்து வரிசையில வீடு வீடாத் தேடிட்டுக் கடசியா எங்கிட்ட வந்தீங்களாக்கும்? உக்காருங்க. அமராவதியோட நீல அடையாள அட்ட காணாமப் போனா இந்த நாகமணி என்னா செய்வா? நாளைக்குப் பாஸ்போட்டு ஆபீஸ்ல காட்டணும்னா, போறவதான பத்திரமா வெச்சிருக்கணும்?

கொஞ்சம் கேளுங்க. போன வருசம் அந்த ஆப்பிரிக்கா ஆளுங்க பன்னெண்டு பேரு நம்ம நர்சரிக்குப் படிக்க வந்தாங்கல்ல? பாவம், சண்டையில தோட்டமெல்லாம் எரிஞ்சு கெடக்குதாம். நம்ம கவர்மெண்டு பெரிய மனசு பண்ணிக் கூப்புட்டுச்சு. சரி. ரப்பர் கன்னுல ஒட்டுக்கட்ட அவங்களுக்குக் கையப் புடிச்சுச் சொல்லிக் குடுத்தது யாரு? நான்லா! நான் நூறு கட்டுனா தொண்ணூத்தஞ்சு பொழைக்கும். அமராவதி கட்டுனா எழுவது. அவளுக்கே கத்தி புடிக்கச் சொல்லிக் குடுத்தவ நானு.

இப்ப அந்த ஊருக்குப் போயி நர்சரி போட்டுக் குடுக்க அவளாம். ஆறு மாசம், ஏரோப்ளேன்ல. மலேசியா சார்பாப் போறாளாம், தண்ணிக் கொழாய்கிட்ட நின்னு சொல்லிச் சொல்லிக் காட்டுறா. கோலசிலாங்கூர் டவுனுக்குப் போயி பெரிய பெட்டி வாங்கியாந்து வாசல்லயே வெச்சிருக்கா. போறவ வாறவ பாக்கணும்ல? வயிறு எரியுதுதான், இல்லேங்கல.

முட்டிவலி, நான்தான் வரலேன்னுட்டேன்னு லயத்துல சொல்லி வெச்சிருக்கேன். நீங்களும் உண்மைய வெளிய விடல, புண்ணியமாப் போவட்டும். பட்டியல்ல மொதப் பேரு எம்பேரு. நீல அட்ட இருந்தாத்தான் குடியுரிமை, செவப்பு அட்டைக்காரிக்குப் பாஸ்போட்டு கெடையாதுன்னு நீங்கதான அந்தப் பேர அடிச்சீங்க. உங்களச் சொல்லி என்னா? இந்த லயத்துலதான் பொறந்தேன். எங்கப்பன் பொறப்பப் பதியல. நாப்பது வருசம் ஆச்சு, இன்னும் இந்த நாட்டுக்காரி இல்லயாம். அமராவதிய விடுங்க. அந்தப் பன்னெண்டு பேரு, நாடே எரிஞ்சு போனவங்க, அவங்க சட்டப் பையில கூட ஆளுக்கொரு பாஸ்போட்டு இருந்துச்சு. அதப் பாத்தப்பவே நெஞ்சு காந்துச்சு.

எந்திரிக்காதீங்க, இருங்க. அரிசி டின்னுக்குள்ள இருக்கு, எடுத்தாறேன். மூணு நாளைக்கு முன்ன அவ குளிக்கப் போனப்ப எடுத்தேன். அடுப்புல போடத்தான் எடுத்தேன். போட முடியல. அவ மூஞ்சியக் கட்டவெரலால மறச்சுக்கிட்டு, அங்கன எம்மூஞ்சி இருந்தா எப்படி இருக்கும்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன்.