உன்னைத்தான் கேட்டேன்

ஆமாம், இங்கே சிரிக்கலாம்! பெல் டீச்சருக்கான நினைவுக் கூட்டத்தில் சிரிக்காமல் வேறு எங்கே சிரிப்பது? மேடையில் இருக்கும் மருத்துவர் அவர்களே, பயிற்சி நிலையத்தின் செயலாளர் அவர்களே, சனிக்கிழமை நான்கு மணிப் பெற்றோர்களே, வணக்கம்.

நான் அவருடைய உதவியாளர். ஆறு வருடம், பக்கத்து நாற்காலி.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருவது டீச்சரின் வேலை. பிள்ளைகள் வளர்ந்தார்கள். இருபது வயது, இருபத்தைந்து. பள்ளி முடிந்தது. வேன் வருவது நின்றது. அப்போது டீச்சர் சனிக்கிழமை நான்கு மணிக்குப் பெற்றோரை வட்டமாக உட்காரவைத்துக் கேட்டார்: “நீங்க எப்படி இருக்கீங்க?”

என்ன பதில் வந்தது தெரியுமா?

“நேத்து நல்லா தூங்கினான் மேடம்.”

“கையைக் கடிக்கறது குறைஞ்சிருக்கு.”

அத்தனை பேரும் அதே தவறு! டீச்சர் வரவேற்பு மேசையிலிருந்த மணியைத் தூக்கி வந்தார். பிள்ளையைப் பற்றிப் பேசினால், டிங்! முதல் நாளே, பெற்றோரில் ஒருவரான எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குப் பதினோரு முறை அடித்தது.

“மேடம், பெல் சூடாயிடப் போகுது!”

“ஆனா ஆகட்டும். ரிப்பேருக்கு நீங்க இருக்கீங்களே.”

தையல்கார அக்காவுக்குத் தன்னைப் பற்றிப் பேச மூன்று மாதம் பிடித்தது.

“எனக்கென்ன மேடம். அவன்தான் காலர் குத்துதுன்னு சட்டையைக் கழட்டிப் போடறான்.” டிங்!

“காலர் கிடக்கட்டும். உன்னைத்தான் கேட்டேன்.”

ஒரு சனிக்கிழமை அக்கா தரையைப் பார்த்தபடி சொன்னார்: “தூங்கணும் மேடம். ஒரே ஒரு மத்தியானம்.”

டீச்சர் கைதட்டினார்! தூங்கணும் என்றதற்கு யாராவது கைதட்டுவார்களா? எங்கள் டீச்சர் தட்டினார்! எலக்ட்ரீஷியன் அண்ணன் எழுந்தார். “தம்பிகூட நான் இருக்கேன். சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கறது எங்க ரெண்டு பேருக்குமே பிடிக்கும்.”

அடுத்த வாரம் பயிற்சி அறையில் மெத்தை. அக்கா இரண்டு மணி நேரம் தூங்கினார். டீச்சர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் காவலாக நடந்தார். இதைவிடப் பெரிய தொண்டு எது, சொல்லுங்கள்!

டீச்சர் போன ஐந்தாம் நாள் சனிக்கிழமை. இனி இந்தக் கூட்டம் வேண்டுமா என்று செயலாளர் கேட்டிருந்தார். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தையல்கார அக்கா உள்ளே வந்தார்.

“எப்படிம்மா இருக்கே?”

“டீச்சருக்குக் கடைசியில வலி இல்லக்கா. அமைதியாத்தான்...”

“டீச்சரை விடு. உன்னைத்தான் கேட்டேன்.”

நானும்! ஆறு வருடம் அந்த மணியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, நானும்! அழுதேன். அழுகை பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. பின்னாலேயே வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் நாற்காலிகளை மறுபடி வட்டமாகப் போட்டார்.

செயலாளர் அவர்களே, இதோ பதில். நிறுத்த மாட்டோம்! கேட்க ஒருவர், பதில் சொல்ல ஒருவர். இரண்டு பேர் வந்தாலும் கூட்டம் நடக்கும். என் கேள்வியோடு நான் இருப்பேன். என் பதிலோடும் இருப்பேன்.

அன்று தையல்கார அக்கா, இனி அறையை நானே திறக்கிறேன் என்று என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டு போனார். தன் கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்: சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் தையல் கிடையாது.