விட்டுவந்த மூன்று சட்டிகள்

"மண்ணு வருது! மிஸ்ஸி, மண்ணு வருது! வெளிய ஓடுங்க!"

வியாழக்கிழமை. காலை ஏழு நாற்பது. கத்துவது செல்வமணி அக்கா. எங்கள் வார்டின் அட்டெண்டன்ட். நான் ஐந்தாம் கட்டிலில் பிரஷர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் ஒரு சத்தம். லொறியில் இருந்து கருங்கல்லைக் கொட்டுவது போல. பிறகு மரம் முறிகிறது. படார். கொஞ்சம் இடைவெளி. படார். மூன்றாவது சத்தத்துக்கு நான் நிற்கவில்லை.

பதுளையில் இருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஏறி வர வேண்டிய தோட்டத்து ஆஸ்பத்திரி அது. ஐந்து நாளாக மழை. பாதை உடைந்துவிட்டது. என்னை மாற்ற வேண்டிய தாதி வரவில்லை. டொக்டர் வரவில்லை. பெண்கள் வார்டில் ஒன்பது நோயாளிகள். அவர்களுக்கு நானும் செல்வமணி அக்காவும்தான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வார்டில் எனக்கு வைத்திருந்த பெயர் பட்டாசு மிஸ்ஸி. எனக்கே தெரியும். அன்று அந்த வாய் உதவியது. "நடக்கிறவங்க நடங்க! நடக்க முடியாதவங்கள போர்வையோட இழுங்க!" என்று கத்தினேன். மருந்துப் பெட்டியை எடுத்தேன். சேலைன் போத்தல் இரண்டு. நோயாளிகளின் தாள்கள் செருகிய அட்டை. எது தேவை, எது வேண்டாம் என்று ஒரு நொடியில் முடிவு செய்தேன். அப்படி முடிவு செய்வதில் நான் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன்.

வாசலில் செல்வமணி அக்கா. கக்கத்தில் மூன்று பெட்பேன். எழுந்து போக முடியாதவர்கள் படுக்கையிலேயே ஒன்றுக்குப் போக வைக்கிற தட்டு. தோட்டத்து ஆட்கள் அதைச் சட்டி என்பார்கள். தோளில் பச்சை மறைப்புத் துணி வேறு. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"போடுங்க அத! உசுரு போகுது, சட்டி எதுக்கு?"

கையைத் தட்டிவிட்டேன். மூன்றும் சீமெந்துத் தரையில் விழுந்தன. டங். டங். டங். துணியும் விழுந்தது. அக்கா குனிந்து பவளத்தின் காலைப் பிடித்தாள். நான் தோளைப் பிடித்தேன். ஓடினோம்.

பவளம் யார் என்று சொல்ல வேண்டும். வயது நாற்பத்தொன்பது. முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். புருஷன் இல்லை. ஒரே மகள் கொழும்பில் தையல் ஃபக்டரியில். பவளத்துக்கு எலிக்காய்ச்சல். அன்று மூன்றாம் நாள். அந்தக் காய்ச்சல் சிறுநீரகத்தில் போய் உட்காரும். அதனால் அவளுக்குப் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். எவ்வளவு உள்ளே போகிறது. எவ்வளவு வெளியே வருகிறது. ஓடும்போது கையில் இருந்த சேலைன் ஊசி கழன்றுவிட்டது. என் வெள்ளைச் சட்டையில் அவள் இரத்தம்.

ஏழு ஐம்பத்திரண்டு. பாடசாலைப் படியில் நின்று திரும்பிப் பார்க்கிறேன். வார்டு இல்லை. கூரைத் தகரம் ஒன்று மட்டும் சிவப்பு மண்ணில் குத்திட்டு நின்றது. அதற்கு மேலே, தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயமும் இல்லை.

ஒன்பது பேரையும் எண்ணினேன். திரும்ப எண்ணினேன். ஒன்பது. அழுகை வந்தது. பெருமையாகவும் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பாடசாலையில் ஒரே மண்டபம். மூன்று லயத்துச் சனமும் அங்கேதான். ஒரு மூலையில் பாய் போட்டு என் ஒன்பது பேரையும் கிடத்தினேன். சேலைன் இரண்டையும் முதல் நாள் பிள்ளை பெற்று இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்த ஒருத்திக்கு ஏற்றினேன். வேறு வழியில்லை. மற்றவர்களுக்கு வாயால்தான். உப்பும் சீனியும் கலந்த ஜீவனிப் பொடி இருந்தது. கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்தேன். அரை மணிக்கு ஒரு கோப்பை. பவளத்தின் பாய் ஜன்னலோரம்.

எட்டரைக்கு முதல் கோப்பை. கொடுத்துவிட்டு இரத்தம் போகிறவளிடம் ஓடினேன். திரும்பி வந்தேன். கோப்பை காலி.

"குடிச்சீங்களா?"

"குடிச்சிட்டேங்க மிஸ்ஸி."

எழுதினேன். இருநூறு மில்லி. ஒன்பது மணி, இருநூறு. ஒன்பதரை, இருநூறு. பதினொரு மணி வரை ஆறு கோப்பை. அடுத்த பத்தி, வெளியே வந்தது. அதில் ஒன்றும் இல்லை. "ஒண்ணுக்கு வரலியா?" என்று கேட்டேன். மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரித்தான் கேட்டேன். என் குரல் அப்படி. பவளம் தலையைக் குனிந்துகொண்டு, "வரலைங்க" என்றாள்.

மழை தகரத்தில் அடிக்கிறது. விடாமல். பக்கத்தில் பேசுவது கேட்காது.

பதினொன்று இருபது. மேடையின் இடது மூலையில் மட்டும் சிக்னல். பதுளைப் பெரிய ஆஸ்பத்திரி டொக்டருக்குக் கோல் எடுத்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். அமைதியானவர். கணக்கை வாசித்தேன். ஆயிரத்து இருநூறு உள்ளே. பூச்சியம் வெளியே.

"ஒரு சொட்டும் இல்லையோ?"

"இல்ல சேர்."

"அப்ப கிட்னி நிக்குது பிள்ளை. தண்ணியை நிப்பாட்டுங்கோ. இனிக் குடுத்தா நெஞ்சில நீர் கட்டும். பாதை கொஞ்சம் திறந்த உடன எப்பிடியாவது இஞ்ச கொண்டு வாங்கோ."

அவர் சொன்னது சரி. நான் கொடுத்த கணக்குக்கு அதுதான் சரி. கணக்குத்தான் பிழை.

கோப்பையை எடுத்தேன். "இனித் தண்ணி இல்ல. ஒதட்ட மட்டும் நனைப்பேன்" என்றேன். வேறு எந்த நோயாளியும் கெஞ்சியிருப்பாள். இவள், "சரிங்க மிஸ்ஸி" என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி. அதைப் பார்த்தேன். நல்ல நோயாளி என்று நினைத்தேன். சண்டாளி நான், அப்படித்தான் நினைத்தேன். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கவில்லை. தோலைக் கிள்ளிப் பார்க்கவில்லை. அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. முதல் வருடத்தில் படித்த பாடம் அதெல்லாம். கையில் தாள் இருந்தது. தாளைப் பார்த்தேன்.

பன்னிரண்டு மணி. ஒரு மணி. மேல் லயத்தில் இருந்து ஆட்களைத் தோண்டி எடுக்கிறார்கள். முதலில் இரண்டு பேர். உயிர் இல்லை. இரண்டு மணிக்கு இன்னும் ஒருவர். மண்டபத்தில் ஒப்பாரி. பவளம் மயங்கி மயங்கி விழிக்கிறாள். கிட்னி நின்றால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று நாற்பது. மழை விட்டது. சட்டென்று. தகரத்துச் சத்தம் நின்றதும் காது அடைத்த மாதிரி இருந்தது. அப்போதுதான் எல்லோருக்கும் சாயத்தண்ணி கொடுத்திருந்தோம்.

சளக்.

ஜன்னல் பக்கம். என் முதுகுக்குப் பின்னால். திரும்பினேன். பவளத்துக்கு அடுத்த பாய்க்காரி, வயிற்றோட்டத்துக்கு வந்திருந்த சின்னப் பெண், காலிக் கோப்பையோடு அப்படியே நிற்கிறாள்.

"என்னடி செஞ்ச?"

எட்டிப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே, கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தகரம் ஒன்று கிடந்தது. அதில் தேயிலைச் சாயம் வழிந்துகொண்டிருந்தது. மழை இருந்தபோது எத்தனை கோப்பை அந்தத் தகரத்தில் விழுந்திருக்கும்? யாருக்குக் கேட்டிருக்கும்?

பாயில் இருந்த பெண்களைப் பார்த்தேன். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாயைத் திறந்தேன், திட்டுவதற்கு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காலை ஆறு மணிக்குக் குடித்த தேத்தண்ணிதான். அதன் பிறகு நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. ஒன்றுக்குப் போகவும் இல்லை. ஏன் என்று யோசித்தேன். பாடசாலைக் கக்கூஸ் முப்பத்துநாலு படி கீழே. போகிற வழி முழுக்க ஆம்பிளைகள் நிற்கிறார்கள். கதவுக்குக் கொக்கி இல்லை. காலையில் ஒரு தரம் பார்த்தேன். அதோடு என் உடம்பு தானாகவே தண்ணீரை நிறுத்திக்கொண்டது. எனக்கே தெரியாமல்.

நான் லயத்தில் பிறந்தவள். என் அம்மாவும் கொழுந்து பறித்தவள். மலையில் கக்கூஸ் ஏது? விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகும் முன்னால் அம்மா வாயைக் கொப்பளித்துத் துப்புவாள். விழுங்க மாட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் தண்ணீர். இது எனக்குத் தெரியாத விஷயமா? வெள்ளைச் சட்டை போட்டதும் மறந்துபோனேன். வெட்கமாக இருக்கிறது. இப்போது எழுதும்போதும்.

பவளத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாக்கைப் பார்த்தேன். வெடித்துக் கிடந்தது.

"எத்தன கோப்ப குடிச்சீங்க? திட்ட மாட்டேன். சொல்லுங்க."

"மொதக் கோப்பயில ரெண்டு மொடக்குங்க." குரலே வரவில்லை. "இத்தன பேரு முன்னால எப்புடிங்க போறது? என்னயத் தூக்கிக்கிட்டு அந்தப் படியில எறங்கணும். ஒங்களுக்கும் எம்புட்டு வேல. மலையில முப்பது வருசமா இப்புடித்தாங்க இருந்தோம். ஒரு நாளு தாங்காதான்னு நெனச்சேங்க."

செல்வமணி அக்கா எனக்குப் பின்னால் நின்றாள். மெதுவாகச் சொன்னாள். "அதுக்குத்தான் மிஸ்ஸி அந்தச் சட்டிய எடுத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அறைந்திருந்தாலும் அப்படி வலித்திருக்காது.

மூன்று ஐம்பது. கரும்பலகை இரண்டை இழுத்தோம். பெண்கள் தங்கள் படங்குகளை அவிழ்த்துத் தந்தார்கள். கொழுந்து பறிக்கும்போது சேலை நனையாமல் இடுப்பில் சுற்றுகிற தடித்த பிளாஸ்டிக். ஆறு படங்கைச் சேர்த்துக் கட்டினோம். உள்ளே காலிப் பெயின்ட் வாளி. அடியில் மணல். ஆம்பிளைகளை மண்டபத்தின் அந்தப் பக்கம் போகச் சொன்னேன். கத்தவில்லை. கேட்டுக்கொண்டேன். போனார்கள்.

எல்லோரும் பார்க்க இரண்டு கோப்பை தண்ணீர் குடித்தேன். பிறகு நான்தான் முதலில் உள்ளே போனேன். வெளியே வந்ததும் சின்னப் பெண் எழுந்தாள். பிறகு அடுத்தவள். பிறகு வரிசையே நின்றது. லயத்துப் பெண்களும் வந்தார்கள். தண்ணீர்ப் பானை ஒரு மணி நேரத்தில் காலி.

பவளத்தை இரண்டு பேராகத் தாங்கிப் பிடித்தோம். நாலு இருபத்தைந்து. இருமல் மருந்து அளக்கிற மூடியால் அளந்தேன். அறுபது மில்லி. கறுத்த சாயம் மாதிரி நிறம்.

திரும்பக் கோல் எடுத்தேன். "சேர், நான் சொன்ன கணக்குப் பிழை. அவங்க குடிக்கல." டொக்டர் கேட்டார்.

"நாக்கு எப்பிடி இருக்கு?"

"காஞ்சு வெடிச்சிருக்கு சேர்."

"குடுங்கோ. இப்பவே குடுங்கோ."

கொடுத்தேன். கோப்பையை அவள் கையில் விடவில்லை. நானே பிடித்து, ஒவ்வொரு மிடறும் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்கு ஆறு பேர் ஏணியில் அவளைக் கட்டித் தூக்கினார்கள். முழங்கால் வரை சேறு. மேலே இருந்து கல் உருளுகிறது. "தல! தல!" என்று முன்னால் போகிறவர் கத்துகிறார். நான் பக்கத்தில் போத்தலோடு. நிற்கிற இடத்தில் எல்லாம் ஒரு மிடறு. அந்தப் பக்கம் அம்புலன்ஸ் நின்றது. பதுளையில் மெசினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்குப் பவளம் இறந்தாள்.

டொக்டர் சொன்னார், காய்ச்சலே முற்றித்தான் இருந்தது, முதலில் இருந்தே குடித்திருந்தாலும் சொல்ல முடியாது என்று. நல்ல மனுசர். அவர் சொன்னதில் பாதியை நம்புகிறேன்.

மகள் திங்கட்கிழமை வந்தாள். என்னைத் தேடி வந்து கேட்டாள். "அம்மா கடைசியா என்ன கேட்டாங்க மிஸ்ஸி?"

"ஒண்ணும் கேக்கலம்மா" என்றேன். அது உண்மை.

ஒரு மாதம் கழித்துக் கூட்டம் வைத்தார்கள். ஒன்பது நோயாளிகளையும் மண்ணில் இருந்து காப்பாற்றிய தாதி என்று மேடையில் பேசினார்கள். பொன்னாடை போட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பட்டாசு அன்று நமுத்துப்போனது. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். செல்வமணி அக்காவுக்கு யாரும் பொன்னாடை போடவில்லை. என்னுடையதை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இத வச்சு நான் என்ன மிஸ்ஸி செய்ய?" என்றாள். இப்போது அது புது வார்டில் மறைப்பாகத் தொங்குகிறது.

இழந்தவை. மேல் லயம் ஒன்று. அதில் ஆட்கள் ஏழு. பெண்கள் வார்டு ஒன்று. கட்டில் பதினான்கு. மறைப்புத் துணி ஒன்று. பெட்பேன் மூன்று.

என் ஒன்பது பேரில் ஒருத்தி. பெயர் பவளம்.

அவள் குடித்ததாக நான் எழுதியது ஆறு கோப்பை. அவள் குடித்தது இரண்டு மிடறு. அதற்கு மேல் நான் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்தது ஐந்து மணி ஐந்து நிமிடம்.