நின்றால் புதையும் தொட்டியில் நிமிர்ந்து நடந்த ஹயாத் பாஷா

மாவுத் தொட்டியின் மன்னவரே! மரவள்ளிப் பாலின் மனமறிந்த மேதையே! கம்பைநல்லூர் ஜவ்வரிசி ஆலையில் இருபத்தாறு ஆண்டுகள், காலைச் சங்குக்கு முன்னே வந்து மாலைச் சங்குக்குப் பின்னே சென்று, இன்று ஓய்வு பெறும் மேஸ்திரி ஹயாத் பாஷா அவர்களே! வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் "அட, சும்மா இருங்கப்பா" என்று தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே தங்களை நாற்காலியில் அமர்த்திவிட்டுச் சபையைப் பார்த்தே சொல்லப் போகிறோம். மாலை கனமாக இருந்தாலும் கழற்றக் கூடாது.

பெரியோர்களே! தாய்மார்களே! அறுபத்தொன்பதாம் ஆண்டு, ஆலையில் ஆள் அதிகம் என்று யாரோ காதில் ஓத, அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த இளம் முதலாளி தீர்த்தகிரி அவர்கள் சென்னையிலிருந்து ஒரு திறன் நிபுணரை வரவழைத்தார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை! மூன்று நாள் எங்களை அளந்தார். வெற்றிலை போட்ட நேரத்தை எழுதினார். தும்மிய நேரத்தையும் எழுதினார். மாவுக்கூடை சுமக்கும் செல்லம்மாள் தும்மலை அடக்கி அடக்கி மூக்கு சிவந்து போனாள்.

நாலாம் நாள் அறிக்கை வந்தது. மரவள்ளிப் பால் தங்கி மாவாகப் படியும் தொட்டிக்குள் இறங்கி அந்த மாவை வெட்டுகிறவர்கள் ஓரிடத்தில் நிற்காமல் வீணாக நடக்கிறார்களாம். அசையாமல் நின்று வெட்டினால் பாதி ஆள் போதுமாம். ஆகவே பதினான்கு பேர் திங்கட்கிழமை முதல் வர வேண்டியதில்லையாம்!

பட்டியலில் மேஸ்திரியின் பெயர் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திராது. இருந்தாரா? நேரே முதலாளி அறைக்குள் நுழைந்தார்.

"மொதலாளி, எங்காளுங்க நடக்கறது சோம்பேறித்தனம் இல்லீங்க. தண்ணி வடிச்ச மாவு மேல நின்னா காலு உள்ள போயிரும், நடந்துக்கிட்டே இருந்தாத்தான் தாங்கும். இவங்கள்ல ஒருத்தரை நிறுத்துனாலும் என்னையும் சேத்து நிறுத்திருங்க."

நிபுணர் சிரித்தார். தொட்டிக்கு வந்து மாவைக் கையால் குத்திப் பார்த்தார், கல்லாக இருந்தது. "இதிலா கால் புதையும்? நானே நின்று காட்டுகிறேன்" என்று பேண்டைச் சுருட்டினார். "வேணாங்க சார்" என்று மேஸ்திரி மூன்று முறை சொன்னார். கேட்டால்தானே!

நடுத்தொட்டியில் நின்று வாட்சை அமுக்கினார். ஒரு நிமிடத்தில் கணுக்கால் போயிற்று; மூன்றாம் நிமிடத்தில் முழங்கால். வெடுக்கென்று இழுத்தார், மாவு இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "ஐயோ, பிடியுங்கள்!" என்று அவர் அலறிய அலறலில் களத்தில் காய்ந்த ஜவ்வரிசியைக் கொத்திய காக்கைகள் பறந்தன. செல்லம்மாள் சிரித்த சிரிப்பை எழுத எந்த அட்டையும் போதாது!

மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. குடத்துத் தண்ணீரை ஊற்றினார், நிபுணரின் கையைப் பற்றினார், தம் கால் புதையாதபடி அவரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "இழுக்காதீங்க சார், வேகங்காட்டுனா மாவு கல்லாயிரும், விடாது. மெல்ல ஆட்டுங்க, இன்னும் மெல்ல." காலிரண்டும் வெளியே வரப் பதினொரு நிமிடம் ஆயிற்று. வாட்ச் அத்தனையையும் கணக்குப் பிசகாமல் காட்டியது.

கரையேறியவருக்கு வெந்நீர் கொடுத்துக் கால் கழுவ வைத்தவரும் நம் மேஸ்திரிதான். அந்த நிபுணரும் நல்ல மனிதர். ஈரக் காலோடே மேசைக்குப் போய், "நடப்பதும் வேலையே, ஆள் குறைக்க இடமில்லை" என்று தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். முதலாளி பட்டியலைக் கிழித்துப் போட்டார். வெற்றி! அன்று ஆலைச் சங்கு கம்பைநல்லூர் முழுக்கக் கேட்க இரண்டு தடவை ஊதியது!

மேஸ்திரி அவர்களே, இனி தலை நிமிரலாம். தங்கள் வேலைக்கு ஆபத்தில்லாதபோதும் எங்களுக்காக அதைப் பணயம் வைத்தீர்கள். அந்த நன்றி எங்கள் உயிருள்ளவரை இருக்கும். துணைவியார் அமீனா அம்மையாரோடு, மூட்டுவலி அண்டாமல், பேரப்பிள்ளைகள் களைத்துப்போகும்வரை தாங்கள் களைக்காமல் நீடு வாழ்க! வாழ்க!

இங்ஙனம்,
திங்கட்கிழமை வர வேண்டாம் என்று எழுதப்பட்டு, அதன்பின் எட்டு ஆண்டுகளாக எல்லாத் திங்கட்கிழமையும் வந்துகொண்டிருக்கும்
தொட்டிப் பிரிவுத் தொழிலாளர் பதினான்கு பேர்
(கையெழுத்து ஒன்பது, கைநாட்டு ஐந்து)

கம்பைநல்லூர், 1977