லரிசா இக்னாத்திவ்னா கேட்ட இரண்டு நாள்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் ஹோர்தீய் அவர்களே, கறுப்புப் பட்டையோடு வந்திருக்கும் அலுவலகத்தாரே, எத்தனை கழுவினாலும் கரி போகாத கைகளைக் கொண்ட என் வெல்டர்களே, வணக்கம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பள்ளிதான் என்னை விட்டது என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

இதோ இந்தச் சவப்பெட்டியில் உறங்கும், நம் நீப்பர் ஆற்றங்கரைத் தொழிற்சாலையின் தலைமைச் சோதனையாளர் லரிசா இக்னாத்திவ்னாவை இயக்குநர் சற்றுமுன் 'நம் தாய்' என்றார். போன மாதம் என்ன சொன்னார்? 'முட்டுக்கட்டைக் கிழவி' என்றார். இந்த மண்டபத்தில் பாதிப்பேர் அதைக் காதால் கேட்டவர்கள். ஏன் சொன்னார்? போர்முனைக்குப் போகும் கவச எஃகுப் பதுங்கறைகளைச் சோதிக்க அவர் இரண்டு நாள் கேட்டார். அதுதான் குற்றம்!

ஒரு ஜனவரியில், தேநீர் ஆறிவிடுமே என்ற அவசரத்தில், முதலில் சூடாக்க வேண்டிய தகட்டை அப்படியே பற்றவைத்தேன். பற்றவைத்த தையல் வெள்ளிச் சங்கிலிபோல மின்னியது. சோதனையில் தேறியது என்று முத்திரை குத்தச் சொல்லி அவரிடம் பீற்றிக்கொண்டேன்.

"அழகு இன்னிக்கு இருக்கும் பெத்ரோ. நாளன்னிக்கு வந்து பாரு."

மூன்றாம் நாள், விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிக் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்தார். தையலோரம் முடிபோல ஒரு சிவப்புக் கோடு. கவச எஃகு நம் கண்முன்னே விரிசல் விடாது; ஆறி, நாம் வீட்டுக்குப் போன பிறகுதான் விடும். முழுத் தையலையும் அறுத்தெடுத்தேன். அவரைத் திட்டிக்கொண்டேதான் அறுத்தேன். இன்று என் மகன் நஸார் அப்படியொரு அறைக்குள் உட்கார்ந்திருக்கிறான். மேலே ஷெல் விழுகிறது. அவனைக் காப்பது யார்? 'தாய்' என்று பேசும் வாயா? அந்த இரண்டு நாளா?

அவர் இறந்த மறுநாளே இயக்குநர் அவருடைய முத்திரையை என்னிடம் கொடுத்தார். எதற்கும் சிரிக்கிறவன், எதிர்த்துப் பேச மாட்டான் என்று கணித்திருப்பார். முப்பது ஆண்டுகளாக அது சரியான கணிப்புத்தான். நேற்று நண்பகலில் ஆறு அறைகளைப் பற்றவைத்து முடித்தோம். இன்று காலை என் காதருகே குனிந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள குத்திடு பெத்ரோ, லாரி நிக்குது."

சவப்பெட்டியின் அருகே நின்று சொன்னார், தோழர்களே! சவப்பெட்டியின் அருகே!

லரிசா இக்னாத்திவ்னா, உங்கள் இரண்டு நாளை நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். இயக்குநர் அவர்களே, முத்திரையை இதோ உங்கள் முன் மேசையில் வைக்கிறேன். இன்றே குத்த விரும்பும் வெல்டர் எவராயினும் எழுந்து வந்து எடுத்துக்கொள்ளட்டும். காத்திருக்கிறேன்.

ஒருவரும் எழவில்லை, ஐயா. நாளை நண்பகலில் சாயம் தடவிப் பார்ப்போம்.