என் கையால் நிறுவிய வேவு நிரல்

தலைமையேற்று வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, தள்ளாத வயதிலும் தவறாது வந்து எங்களைத் தாங்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்த தாய்மார்களே, இடமின்றிக் கதவோரம் நிற்கும் தோழர்களே, அனைவருக்கும் தலை தாழ்ந்த வணக்கம். வாழ்த்திப் பேச வரவில்லை நான். வருந்திப் பேச வந்திருக்கிறேன்.

நான் கணினி பழுது பார்ப்பவன். நம் பொது நூலகத்தில் பத்துக் கணினிகள். பத்திலும் கட்டற்ற மென்பொருள். இலவசம் என்பதற்காக அல்ல, ஐயா. அதன் உள்ளே எழுதியிருப்பதை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். படித்தவர் எழுந்ததும் படித்த சுவடும் அழியும். அப்படி அமைக்கச் சொன்னவர் நூலகர் அக்கா.

அந்நாளில் வந்தது, யார் எதைப் படிக்கிறார் என்று அரசு உளவு பார்க்க ஒரு வேவுச் சட்டம். அதை எதிர்த்து நாம் கூடிய கூட்டத்தில், நம் ஊர் வழக்கறிஞர் ஒருவர் கொட்டும் மழையில் குடையை மடக்கிவிட்டுக் கேட்டார்: "நான் எதைப் படிக்கிறேன் என்று அரசு கேட்டால், நான் படிப்பதை நிறுத்துவேனா, அரசை நிறுத்துவேனா?" கைதட்டினோம். தட்டிய கையாலேயே வாக்களித்தோம். அமைச்சரானார். அடுத்த ஆண்டே உத்தரவு: பொதுக் கணினி ஒவ்வொன்றிலும் கண்காணிப்பு நிரல். அடியில் எவர் கையெழுத்து? முன்வரிசையில் முணுமுணுக்கிறீர்களே, அவரே தான்.

நிறுவியவன் எவன்? நான் தான்.

"தம்பி, இது எதை எங்க அனுப்புதுன்னு பாத்தியா?" என்றார் அக்கா.

"பாக்க முடியாதுக்கா, பூட்டி வெச்சிருக்காங்க. மேலிடத்து உத்தரவு."

ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு அச்சம் எதற்கு என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு தையல்காரப் பெண் வந்தார். கணவனின் அடி தாங்காமல், அடுத்த ஊரில் பெண்களுக்கான காப்பகம் எங்கே என்று தேடினார். முகவரியைக் கையில் எழுதிக்கொண்டார். அவர் தேடியது, உறுப்பினர் எண்ணோடு, கண்காணிப்பு அலுவலகம் போனது. அங்கே எழுத்தர் யார் தெரியுமா, தாய்மார்களே? அவருடைய கணவன். மறுநாள் காலை அவர் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, வாசலில் அவன் நின்றிருந்தான்.

வலக்கை மூன்று இடத்தில் முறிந்தது. ஊசி பிடித்த கை.

செய்தி கேட்ட அன்றே அக்கா பத்துக் கணினியிலிருந்தும் அந்த நிரலைப் பிடுங்கி எறிந்தார். அதற்காக அவர் வேலை போயிற்று. அவருக்கு நியாயம் கேட்டு மனுவோடு அமைச்சரிடம் போனோம். நாற்காலி போட்டு உட்காரவைத்தார், தேநீர் தரச் சொன்னார். பிறகு அமைதியாகச் சொன்னார்: "அப்ப நான் வெளியில இருந்தேன். இப்ப பொறுப்புல இருக்கேன்."

பொறுப்பு! எவருக்குப் பொறுப்பு? எதற்குப் பொறுப்பு? முறிந்த கைக்குப் பொறுப்பேற்க ஒரு கையும் நீளவில்லையே, ஐயா!

மருத்துவமனைக்குப் போய் அந்தத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க வேணும்னு செய்யலண்ணே," என்றார். "ஆனா பாக்காம செஞ்சீங்க." மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

வரும் திங்கட்கிழமை, வேலையைத் திரும்பக் கேட்டு அக்கா தொடுத்த வழக்கு. நிறுவியவன் நான், பார்க்காமல் நிறுவினேன் என்று கூண்டிலேறிச் சொல்லப்போகிறேன். வெல்வோம் என்ற நம்பிக்கை எனக்கில்லை. பொய்யான நம்பிக்கை தரவும் மாட்டேன். அமைச்சர் மாறிவிட்டார் என்கிறீர்கள். மாறியது அவர் மட்டுமா? மழையில் நின்ற ஆயிரம் பேரில், மனுவில் கையெழுத்திட்டவர் பதினொருவர்.

வேண்டாம், கைதட்டாதீர்கள். திங்கட்கிழமை வாருங்கள். இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.