முதல் கட்டுரையைத் தேடிப்போன புனிதவதி அம்மையார்

அவைக்குத் தலைமை தாங்கும் ஐயா பஞ்சலிங்கம் அவர்களே, அக்காள் புனிதவதி அம்மையாரை இழந்து நிற்கும் ஸ்கந்தராஜா அவர்களே, ஈப்போவிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் அன்புள்ளங்களே! வணக்கம்.

மூன்று நாளாக இந்த உரையை எழுதி எழுதிக் கிழித்தேன். களைத்துவிட்டேன். ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

புனிதவதி அம்மையார் எங்கள் மருத்துவமனையின் நூலகர். அவர் கத்தி பிடித்தவரா? இல்லை. ஊசி போட்டவரா? இல்லை. ஆனாலும் அவரால் பிழைத்த உயிர்கள் உண்டு!

எழுபத்தெட்டாம் ஆண்டு, தாப்பாவில் லாரி கவிழ்ந்து தலையில் பலத்த அடிபட்ட மாயாண்டி என்பவரை உடனேயே கொண்டுவந்தார்கள். கண்பாவை இரண்டும் விரிந்து நின்றுவிட்டன. அறுவைச் சிகிச்சை பயனில்லை என்றேன். மறுநாள் அவர் இறந்தார். அந்த வாரக் கூட்டத்தில், “எல்லா ஆய்வுக் கட்டுரையிலும் இப்படித்தான் இருக்கிறது” என்று விளக்கம் சொன்னேன். புத்தகம் எடுத்துக் கொடுக்க வந்திருந்த அம்மையார் கேட்டார்:

“டொக்டர் ஜெயபாலன், முதல்லை எழுதினது ஆர்? நீங்கள் அதை வாசிச்சனீங்களோ?”

நான் வாசிக்கவில்லை. யார்தான் வாசித்தார்கள்?

ஐந்து மாதம், விடுமுறை நாளெல்லாம் பஸ் ஏறிக் கோலாலம்பூர் மருத்துவ நூலகத்துக்குப் போனார். எந்தக் கட்டுரை எதை மேற்கோள் காட்டுகிறது என்று அட்டவணைத் தொகுதிகளைப் புரட்டினார். முப்பத்தொரு கட்டுரைகள்! ஒன்று இன்னொன்றைக் காட்டியது. அது வேறொன்றைக் காட்டியது. கடைசியில் எல்லாம் போய் நின்றது ஒரே ஒரு பழைய கட்டுரையில். அதன் பிரதியை என் மேசையில் வைத்தார்.

“இதிலை பதினொரு பேர்தான், டொக்டர். எல்லாரும் ஒரு நாளுக்கு மேலை பிந்தி வந்த ஆக்கள். உடனே கொண்டு வந்தவைக்குப் பயனில்லையெண்டு இதிலை எங்கையும் எழுதேல்லை.”

அந்த ஆண்டுக் கடைசியில் செமோர் தோட்டத்துக் காளியம்மா வந்தார். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதே விரிந்த கண்பாவைகள். அவர் கணவர் சன்னாசி என் கையைப் பிடித்துக்கொண்டார்: “மூச்சு இருக்கு லா டாக்டரு! ஏதாச்சும் செஞ்சு பாருங்க.”

மண்டையைத் துளைத்து உறைந்த இரத்தத்தை எடுத்தேன். பதினெட்டாம் நாள் காளியம்மா தண்ணீர் கேட்டார். வலது கை இன்னும் சரியாக வரவில்லை. பேச்சு மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் இதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்!

தாம் கண்டதை அம்மையார் கட்டுரையாக எழுதினார். மருத்துவர் அல்லாதவர் எழுதியது என்று இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பின. மூன்றாவது இதழ் சுருக்கிப் போட்டது. ஐந்து ஆண்டில் அதை மேற்கோள் காட்டியவர்கள் மூன்றே பேர். அவர்களில் ஒருவர், அம்மையார் சொன்னதற்கு நேர்மாறாகக் காட்டியிருந்தார்! அம்மையார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தச் சோர்வு அன்று தொடங்கியது, இன்னும் போகவில்லை.

சென்ற மாதம் நோயில் படுத்திருந்த அம்மையாரைப் பார்க்கப் போனேன். வார்டுப் பதிவுகளிலிருந்து ஏழு பெயர்களை எழுதி வைத்திருந்தார். ‘பயனில்லை’ என்ற அந்த ஒரு வரியை நம்பி நான் கைவிட்ட ஏழு பேர். முதல் பெயர் மாயாண்டி.

“இவையின்ரை வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கோ, டொக்டர்.”

“என்னம்மா சொல்ல? அறுத்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்றா?”

“அது ஒருத்தருக்கும் தெரியாது. வாசிக்காமல் முடிவெடுத்தனான் எண்டு சொல்லுங்கோ.”

நான் போகவில்லை. வேலை என்றேன். அதற்குள் அம்மையார் காலமாகிவிட்டார்.

அன்பர்களே! அம்மையாரின் இடத்துக்கு வந்திருக்கும் விமலாதேவி அந்த மேற்கோள் தேடலைத் தொடர்வார். முதல் கட்டுரையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் எங்கள் வார்டில் இனி யாரும் “பயனில்லை” என்று சொல்ல மாட்டோம். இது மருத்துவமனை சார்பாக நான் கொடுக்கும் வாக்கு.

என் சொந்த வாக்கு ஒன்றும் உண்டு. வரும் ஞாயிற்றுக்கிழமை தாப்பாவுக்குப் போகிறேன். மாயாண்டியின் மனைவி முத்தம்மா அங்கேதான் இருக்கிறார். கதவைத் திறந்தால் சொல்வேன். திறக்காவிட்டால், அடுத்த ஞாயிறும் போவேன்.